சர்க்கரை வியாதியும் நமது பாத்தியதையும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



இன்று நான் கூலி உயர்வைப் பற்றிப் பேச வரவில்லை. போனஸைப் பற்றியும் பேசப் போவதில்லை. சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "யூனியன் மேடையில் என்னய்யா வைத்தியப் பிரசங்கம்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது. மாத்திரையைப் பற்றிச் சொல்ல டாக்டர் இருக்கிறார். நான் சொல்ல வந்தது பணத்தைப் பற்றி. வேலை செய்ய முடியாமல் போகிறவனுக்குச் சட்டப்படி வர வேண்டிய பணம், கேட்கத் தெரியாத காரணத்தால் வராமல் போகிறதே, அதைப் பற்றி.

இந்த வியாதியை ஒரு காலத்தில் பணக்கார வியாதி என்றார்கள். பண்ணையாருக்கும் மில் முதலாளிக்கும்தான் வரும் என்று நம்மவர்கள் வேடிக்கையாகப் பேசியது உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2023ல் வெளிவந்தது. 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்கிறது அந்தக் கணக்கு. வயது வந்தவர்களில் 100க்கு 11 பேருக்கு மேல். இத்தனை முதலாளிகள் இந்த தேசத்தில் இல்லை, தோழர்களே! ஸ்பின்னிங்கில் சைடு பார்ப்பவருக்கும், நாற்று நடும் பெண்ணுக்கும் இன்று சர்க்கரை இருக்கிறது. பணக்காரன் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் சோதித்து அதைக் கட்டி வைத்திருக்கிறான். நைட் ஷிப்டில் எட்டு மணி நேரம் நின்று, விடிந்தபின் ஆறிய சோற்றைச் சாப்பிட்டுப் படுக்கிறவன் எப்படிக் கட்டி வைப்பான்? வியாதி இருவருக்கும் ஒன்றுதான். கால் போவது யாருக்கு என்று பாருங்கள்.

எங்கள் யூனியன் ஆபீசுக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி இது: "தோழர், எனக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. ஊனமுற்றோர் பணம் எனக்குக் கிடைக்குமா?"

நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை இருக்கிறது என்பதற்காக ஒரு காசும் கிடைக்காது. பத்து வருஷமானாலும் இருபது வருஷமானாலும் கிடைக்காது. தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போட்டாலும் கிடைக்காது. ஆனால் அந்தச் சர்க்கரை உங்கள் உடம்பிலிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டதோ, அந்தக் காலுக்கும் அந்தக் கண்ணுக்கும் உண்டு. அதுவும் அளந்து, எழுதி, முத்திரை குத்திய பிறகு. சட்டத்துக்கு வியாதியின் பேர் தெரியாது. நஷ்டத்தின் அளவு மட்டும்தான் தெரியும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் பார்லிமெண்டில் நிறைவேறியது. 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் 1995ஆம் வருஷத்துச் சட்டத்தில் 7 வகை ஊனம்தான் இருந்தது. புதிய சட்டம் அதை 21 ஆக்கியது. ரத்த வியாதிகளைக்கூடச் சேர்த்தார்கள். ஹீமோபீலியா, தலசீமியா, சிக்கிள் செல் எல்லாம் உள்ளே வந்தன. அவர்களுக்காக நாம் சந்தோஷப்பட வேண்டும், போராடிப் பெற்றார்கள். ஆனால் அந்த 21ல் நீரிழிவு இல்லை. சிறுநீரகம் செயலிழப்பதும் இல்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே நீரிழிவுக்கு ஊனப் பட்டியலில் இருந்த தனி இடத்தை 2011ல் எடுத்துவிட்டார்கள். கண் போனதா, கால் போனதா என்று அங்கேயும் விளைவைத்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே சர்க்கரைக்காரர் இந்தச் சட்டத்துக்குள் நுழைய இரண்டு வாசல்தான். ஒன்று, கை கால் இயக்கக் குறைபாடு. இன்னொன்று, பார்வைக் குறைபாடு. இரண்டு வாசலிலும் ஒரு காவல்காரன் நிற்கிறான். அவன் பேர் 40 சதவீதம். நாற்பதுக்குக் கீழே இருந்தால் பென்ஷனும் இல்லை, சட்டம் சொல்லும் பெரும்பாலான சலுகையும் இல்லை.

காலுக்கு எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். மத்திய சர்க்காரின் மதிப்பீட்டு விதிகளில் இது இருக்கிறது. கால் கட்டைவிரல் போனால் 10 சதவீதம். பக்கத்து விரல் போனால் 5. சுண்டுவிரல் போனால் 2. ஒரு காலின் ஐந்து விரல்களும் போனால் 20. முன்பாதம் போனால் 30. பாதத்தின் நடு வரைக்கும் வெட்டினால் 40. கணுக்காலோடு போனால் 55. முழங்காலுக்குக் கீழே வெட்டினால், மிச்சம் இருக்கிற நீளத்தைப் பொறுத்து 60 அல்லது 70. முழங்காலோடு போனால் 75. அதற்கும் மேலே தொடையில் வெட்டினால் 80, 85 என்று ஏறுகிறது.

இப்போது நினைத்துப் பாருங்கள். சர்க்கரைக்காரனின் கால் ஒரே நாளில் போகிறதா? ரயில் ஏறியா போகிறது? முதலில் மரத்துப்போகிறது. முள் குத்தினால் தெரியாது. செருப்பு கழன்று விழுந்தால் தெரியாது. புண் வருகிறது, ஆறுவதில்லை. ஒரு விரலை எடுக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு விரல். இப்படி நாலைந்து வருஷம் அந்த மனிதன் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நொண்டுகிறான். அந்த நாலைந்து வருஷமும் சட்டத்தின் கணக்கில் அவன் நாற்பதுக்குக் கீழே.

சான்று கொடுக்கிற முகாம் ஒன்றுக்கு நான் ஒரு தொழிலாளியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எந்த ஊர், எந்த ஆலை என்பது வேண்டாம். இடது காலில் ஒரு விரல்கூட இல்லை. டாக்டர் நல்ல மனிதர்தான். புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "20 தானப்பா வரும், நான் என்ன செய்யட்டும்?" என்றார். நம் ஆள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "ஐயா, பாதி பாதத்தையும் எடுத்துவிட்டால் 40 கொடுப்பீர்களா?" டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. விதியை எழுதியவர்கள் சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவனுக்கு ஐந்து விரலும் போவது என்றால் என்ன என்று நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வரப்பில் நடக்கிறவளுக்குக் கட்டைவிரல்தான் பிடிமானம். அதற்கு விலை 10 சதவீதம்!

கண்ணுக்கும் இதே மாதிரிதான். நல்ல கண் எதுவோ அதை முதலில் பார்ப்பார்கள். ஒரு கண் முழுக்கப் போய், இன்னொரு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம். அதற்கும் சான்றில் பயன் இல்லை. கண்ணாடி போட்ட பிறகும் இரண்டு கண்ணிலும் பார்வை 6/24 முதல் 6/60 என்ற அளவுக்கு மங்கினால்தான் 40 வருகிறது. 6/60 என்றால் என்ன? நல்ல கண்ணுக்கு 60 மீட்டர் தூரத்தில் தெரிவது, இவருக்கு 6 மீட்டருக்குக் கிட்டே போனால்தான் தெரியும். ஓடுகிற மெஷினில் அறுந்த நூலைப் பிடிக்கிற வேலை இந்தக் கண்ணுக்கு எப்படி ஆகும்? சர்க்கரையால் கண்ணின் உள்திரை கெடும்போது வலியே இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். தெரிகிறபோது பாதி போயிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டாமல் இருக்காதீர்கள்.

சிறுநீரகத்தின் கதை இன்னும் மோசம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் நாலு மணி நேரம் படுத்துக் கிடக்கிறவனை எந்த முதலாளி வேலைக்கு வைத்துக்கொள்வான்? ஆனால் 21 வகையில் அவன் இல்லை. சதவீதக் கணக்கிலும் இல்லை. பக்கத்து ஆந்திரத்தில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாதம் 10,000 ரூபாய் பென்ஷன் என்று வைத்தார்கள். மாற்றுத்திறனாளிகளின் பென்ஷனையும் 2024 ஜூலை முதல் 6,000 ஆக்கினார்கள். அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது என்று கேட்பதற்கு மெட்ரிகுலேஷன் படிப்பு போதும். என் படிப்பும் அவ்வளவுதான்.

சரி, நாற்பதைத் தாண்டியவருக்கு என்ன கிடைக்கிறது? தமிழ்நாட்டில் ஆதரவற்ற மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் என்று ஒன்று இருக்கிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், 40 சதவீதம் இருக்க வேண்டும், வேறு ஆதரவு இருக்கக் கூடாது. 2023 ஜனவரியில் அதை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். மத்திய சர்க்காரின் இந்திரா காந்தி பேரிலான ஊனமுற்றோர் பென்ஷனுக்கு 80 சதவீதம் வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். அதில் டில்லியின் பங்கு எவ்வளவு தெரியுமா? மாதம் 300 ரூபாய். 2012ல் வைத்த 300. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அந்த முந்நூறு அசையவில்லை. அரிசி அசைந்துவிட்டது, எண்ணெய் அசைந்துவிட்டது, பஸ் டிக்கெட் அசைந்துவிட்டது.

இனி ஆலைத் தோழர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மேலே சொன்னதெல்லாம் கால் போன பிறகு. உங்களுக்குக் கால் போவதற்கு முன்னாலேயே ஒரு பாத்தியதை இருக்கிறது. அது இ.எஸ்.ஐ.யில் இருக்கிறது. நம்மில் பத்தில் ஒன்பது பேருக்கு இது தெரியாது. சில யூனியன் காரியதரிசிகளுக்கே தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இ.எஸ்.ஐ. சட்டம் 1948ல் வந்தது. தமிழ்நாட்டில் முதலில் 1955ல் கோயம்புத்தூரில் ஆரம்பித்தார்கள்; மில் தொழிலாளியின் ஊரில் ஆரம்பித்தார்கள். நமது சம்பளத்தில் 100க்கு முக்கால் ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்டுகிறார். 2019 ஜூலை முதல் இந்தக் கணக்கு. அந்தப் பழைய சட்டத்தை 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு என்ற பெரிய மூட்டைக்குள் கட்டிவிட்டார்கள். ஆனாலும் இ.எஸ்.ஐ. இருக்கிறது, நோய்க்காலப் பணம் இருக்கிறது. மனு போடுகிற அன்றைக்கு நடப்பு விதியைக் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

சாதாரண நோய்க்காலப் பணம் எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதக் கட்டணக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், வருஷத்தில் 91 நாள் வரைக்கும் கூலியில் 70 சதவீதம். 500 ரூபாய் தினக்கூலிக்காரருக்கு 350. தொண்ணூற்றோராவது நாள் முடிந்ததும் நம்மவர் என்ன நினைக்கிறார்? "தீர்ந்தது, இனி ஒன்றுமில்லை" என்று ஆறாத புண்ணோடு நைட் ஷிப்டுக்குப் போகிறார். அங்கேதான் கால் போகிறது.

தீரவில்லை, தோழர்களே! அதற்கு மேல் நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பணம் என்று ஒன்று உண்டு. நெடுநாள் வியாதிகள் 34 என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். காசநோய், புற்றுநோய், பக்கவாதம் எல்லாம் அதில் இருக்கின்றன. நீரிழிவும் இருக்கிறது! ஆனால் வெறும் நீரிழிவாக இல்லை. மூன்றில் ஒன்று கூட இருக்க வேண்டும். கண்ணின் உள்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கெடும் நிலை. அதை டாக்டர்கள் பிராலிபரேடிவ் ரெட்டினோபதி என்பார்கள். அல்லது சர்க்கரைப் புண் வந்த பாதம். டயபெடிக் புட் என்பார்கள். அல்லது சிறுநீரகம் கெடுவது, நெப்ரோபதி என்பார்கள். இந்த மூன்று வார்த்தைகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிப் பாருங்கள். ஏனென்றால், சீட்டில் "சர்க்கரை, புண்" என்று மட்டும் எழுதி, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டால் இந்தப் பணம் வராது. ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் பரிசோதித்து, இன்ன நிலை என்று பேர் சொல்லி எழுத வேண்டும். எழுதச் சொல்லிக் கேட்பது யாசகம் அல்ல. சந்தா கட்டியவன் ரசீது கேட்கிற மாதிரி.

எழுதிவிட்டால் என்ன வரும்? கூலியில் 80 சதவீதம். 500க்கு 400. எவ்வளவு காலம்? டாக்டர்கள் சிபாரிசைப் பொறுத்துக் கட்டம் கட்டமாக நீட்டி, அதிகபட்சம் 2 வருஷம் வரைக்கும். புண் ஆறுகிற வரை காலைத் தூக்கிவைத்து வீட்டில் இருக்கலாம். விரல் போன பிறகு கிடைக்கிற 20 சதவீதச் சான்று பெரிதா, விரல் போகாமல் காக்கிற 400 ரூபாய் பெரிதா?

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வியாதி கண்டுபிடிக்கிற சமயத்தில் தொடர்ச்சியாக 2 வருஷ வேலை இருக்க வேண்டும். அதற்கு முந்தைய நான்கு கட்டணக் காலங்களில் 156 நாள் சந்தா இருக்க வேண்டும். பதிலித் தொழிலாளியும் காண்டிராக்ட் தொழிலாளியும் அடிபடுவது இங்கேதான். காண்டிராக்டர் மாறுகிறபோதெல்லாம் பழைய இன்சூரன்ஸ் நம்பரைச் சொல்லாமல் புது நம்பர் போட்டுவிடுகிறார்கள். பத்து வருஷம் அதே ஆலைக் கேட்டுக்குள் போய் வந்தவனுக்கு, காகிதத்தில் எட்டு மாத சர்வீஸ்! ஆகவே ஒரு ஆளுக்கு ஒரே நம்பர்தான் இருக்க வேண்டும். எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் பழைய நம்பரைக் கொடுங்கள். இரண்டு நம்பர் இருந்தால் ஒன்றாக்கச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுங்கள்; படுத்த பிறகு அல்ல.

இன்னொரு விஷயம். இதில்தான் நிர்வாகங்களின் சாமர்த்தியம் அதிகம் வெளிப்படுகிறது. டாப் வண்டி ஒருவர் காலில் ஏறுகிறது; அல்லது கம்பி குத்துகிறது. ரத்தம் கொஞ்சம்தான். முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சு வைத்து வேலைக்கு அனுப்புகிறார்கள். விபத்துப் புத்தகத்தில் எழுதுவதில்லை. ஒரு மாதத்தில் காயம் அழுகிக் காலை எடுக்கிறார்கள். அப்போது நிர்வாகம் சொல்கிறது: "அவனுக்குச் சர்க்கரை. சர்க்கரையால் கால் போயிற்று. எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை."

சம்பந்தம் உண்டு. அவனுக்குச் சர்க்கரை இருந்தது நிஜம். ஆனால் வண்டி ஏறாவிட்டால் காயம் ஏது? உடம்பில் முன்பே வியாதி இருந்தது என்ற ஒரே காரணத்தால் வேலையில் பட்ட காயம் இல்லை என்றாகிவிடாது. வேலைக் காயம் என்று பதிவாகிவிட்டால் கணக்கே வேறு. தற்காலிக இயலாமைக்குக் கூலியில் 90 சதவீதம். அதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. முதல் நாள் வேலையில் அடிபட்டாலும் உண்டு. நிரந்தர ஊனமாகிவிட்டால், சம்பாதிக்கும் சக்தியில் எவ்வளவு போயிற்று என்று மெடிக்கல் போர்டு அளந்து, அதற்குத் தக்கபடி ஆயுள் பூராவும் பணம். 70, 80, 90 என்று மூன்று கணக்கு. எந்தக் கணக்கில் நீங்கள் விழுவீர்கள் என்பதை முதல் நாள் அந்தப் புத்தகத்தில் எழுதப்படுகிற ஒரு வரி தீர்மானிக்கிறது. ஆகவே சர்க்கரை உள்ள தோழர்களுக்கு நான் சொல்வது இது. காயம் நகக்கீறல் அளவு இருந்தாலும் எழுதச் சொல்லுங்கள். மேஸ்திரி எழுத மறுத்தால், தேதி, நேரம், பக்கத்தில் இருந்த இரண்டு பேர் பெயர் எழுதி நிர்வாகத்துக்கு மனுவாகக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே இ.எஸ்.ஐ. டாக்டரிடம் போய், "வேலையில் பட்டது" என்று சொல்லுங்கள். "வீட்டில் இடித்துக்கொண்டேன் என்று சொல், லீவு சுலபமாகக் கிடைக்கும்" என்று சில பேர் அன்பாகப் புத்தி சொல்வார்கள். அந்த அன்பு வேண்டாம்.

பிராவிடண்ட் பண்டிலும் ஒரு பாத்தியதை ஒளிந்திருக்கிறது. 1995ஆம் வருஷத்துப் பென்ஷன் திட்டத்தில், சர்வீசில் இருக்கும்போதே நிரந்தரமாகவும் முழுமையாகவும் உழைக்க முடியாமல் போனவருக்கு ஊனப் பென்ஷன் உண்டு. பத்து வருஷ சர்வீஸ் வேண்டாம். ஒரு மாதச் சந்தா போதும். வேலையில் அடிபட்டுத்தான் ஊனமாக வேண்டும் என்பதும் இல்லை. ஊனம் வந்த சமயத்தில் அவரால் செய்ய முடிந்த வேலைகள் எதையும் இனிச் செய்ய முடியாது என்று மெடிக்கல் போர்டு சொல்ல வேண்டும். தொகை பெரிதல்ல. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்ததோடு நிற்கிறது. ஆனாலும் நம் தோழர்கள் என்ன செய்கிறார்கள்? கண் போனதும் கணக்கை முடித்துப் பணத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். கணக்கை முடிப்பதற்கு முன்னால் இந்த மனுவைப் போட வேண்டும். ராஜினாமாக் கடிதம் எழுதிவாங்க ஆள் அனுப்பினால், யூனியனைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இங்கே போக்குவரத்துத் தோழர்கள் இரண்டொருவர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. 2016ஆம் வருஷத்துச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, சர்க்கார் ஸ்தாபனத்தில் சர்வீசின்போது ஊனமானவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது என்கிறது. பார்வை குறைந்த டிரைவருக்கு அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். வேலை இல்லாவிட்டால், வேறு இடம் கிடைக்கிற வரை, அல்லது ஓய்வு வயது வரை, கூடுதல் பதவியில் வைத்துக்கொள்ள வேண்டும். தனியார் ஆலைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சர்க்காரிடம் கால் போனால் வேலை உண்டு, முதலாளியிடம் கால் போனால் வேலை இல்லை! கால் என்னவோ ஒரே மாதிரிதான் இருக்கிறது.

விவசாயத் தொழிலாளர்களுக்கு நான் என்ன சொல்ல? உங்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை, பிராவிடண்ட் பண்டு இல்லை. புண் ஆறும்வரை 80 சதவீதக் கூலி கொடுக்க ஆள் இல்லை. ஆலைத் தோழனுக்குக் கால் போவதற்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது. உங்களுக்குக் கால் போன பிறகுதான் கதவே இருக்கிறது. சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் நீங்கள். இந்த அநியாயத்தை மூடி மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இருப்பதையாவது விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்று ஆரம்பித்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம். உங்கள் பேர் அந்தப் பதிவில் இருக்கட்டும். மாத்திரைக்காக மட்டும் சொல்லவில்லை. பின்னால் சான்று கேட்டுப் போகும்போது, "எத்தனை வருஷமாக வியாதி?" என்று கேட்டால் காட்டுவதற்குக் காகிதம் வேண்டும். கூலிக்காரன் வீட்டில் மழைக்கு ஒழுகாத மூலை ஒன்று இருந்தால், அங்கே அந்தச் சீட்டுகளை வையுங்கள். நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு மணி நேர வேலை, முழுக் கூலி என்று தமிழ்நாட்டில் 2012ல் அரசாணை 52 போட்டார்கள். போராடி வாங்கிய ஆணை அது. 2005ஆம் வருஷத்து நூறு நாள் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் பார்லிமெண்டில் வேறு சட்டம் நிறைவேற்றினார்கள். சட்டத்தின் பேர் மாறினாலும் அந்த நான்கு மணி நேரத்தை விடக் கூடாது. பஞ்சாயத்து ஆபீசில் யாராவது "அதெல்லாம் பழைய கதை" என்றால், எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக, சான்று வாங்குகிற முறை. தனித்துவ அடையாள அட்டை என்று நாடு முழுவதுக்கும் ஒரே அட்டை. இ-சேவை மையத்தில் மனு போடலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால், மெடிக்கல் போர்டு எந்த நாள், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்வார்கள். 2024 அக்டோபரில் விதியைத் திருத்தினார்கள். மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். அட்டைக்கு மூன்று வர்ணமும் வைத்தார்கள். நாற்பதுக்குக் கீழே வெள்ளை, நாற்பது முதல் எண்பதுக்குள் மஞ்சள், எண்பதும் அதற்கு மேலும் நீலம். "வெள்ளை அட்டையை வைத்து என்ன செய்வது, பணம் வராதே" என்று தூக்கிப் போடாதீர்கள். இரண்டு விரல் போனபோது அளந்து எழுதிய அட்டை, பாதம் போகிறபோது சாட்சி சொல்லும். காலும் கெட்டு, கண்ணும் மங்கியிருந்தால் இரண்டையும் ஒரே மனுவில் எழுதுங்கள். கால் டாக்டர் காலை மட்டும் பார்ப்பார், கண் டாக்டர் கண்ணை மட்டும் பார்ப்பார். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட விதி இருக்கிறது, நாம் கேட்டால்தான் போடுவார்கள்.

இல்லை என்று சொல்லி அனுப்பினால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்பீல் செய்யச் சட்டத்தின் 59ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. வாயால் சொன்ன "இல்லை"க்கு அப்பீல் கிடையாது, தோழர்களே! காகிதத்தில் எழுதின "இல்லை"க்குத்தான் உண்டு. வியாதி முற்றினால், மறுபடி அளக்கச் சொல்லி மறுபடி மனுப் போடலாம்.

நாம் கேட்க வேண்டியதும் தெளிவாக இருக்கிறது. நின்றும் நடந்தும் பிழைக்கிறவனுடைய பாதத்துக்கு விரல் கணக்கைத் திருத்து. டயாலிசிஸ் நோயாளியைப் பட்டியலில் சேர். முந்நூறை உயர்த்து. புண் ஆறும்வரை விவசாயத் தொழிலாளிக்கும் பிழைப்புப் பணம் கொடு. இந்த நான்கையும் மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்து வாங்கும் நோட்டு அதோ, மைக் பக்கத்து மேஜையில் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை கொண்டுவந்திருக்கிறவர்கள் அதே மேஜைக்கு வாருங்கள். ஒவ்வொருவர் சீட்டையும் படித்து, எந்தக் கணக்கில் வருகிறது, என்ன எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று குறித்துக் கொடுக்க இரண்டு தோழர்கள் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் எழுந்திருக்க வேண்டாம். கையைத் தூக்குங்கள், நாங்கள் வருகிறோம்.